அவங்க நேரம், நம்ம நேரம்

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை கசில்டா பெஹரானோவுக்கு ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அத்தனை தடவையும் சாயங்காலமே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

எங்கள் ஊர் வலென்சியா. கடற்கரையும் ஆரஞ்சுத் தோட்டமும் இருக்கும் பெரிய வலென்சியா இல்லை. ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில், போர்ச்சுகல் எல்லையை ஒட்டிக் கிடக்கும் சின்னது. எல்லை என்று அங்கே காட்ட ஒன்றுமில்லை. பூட்டிய சுங்கச் சாவடி, ஒரு நீலப் பலகை, நாலு கார்க் மரம். பலகையைத் தாண்டினால் பத்து மணி ஒன்பது மணியாகிவிடும். அந்தப் பக்கம் இருபது கிலோமீட்டரில், பாறை உச்சியில் மர்வாவ்: ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஒரு ஊர். பதினாறு வருஷமாக வாரத்தில் இரண்டு நாள் கசில்டா அங்கே பஸ் நிறைய ஆட்களை ஏற்றிப் போய், இறக்கி, எண்ணி, திரும்பக் கூட்டி வருகிறாள். வயது ஐம்பத்து நான்கு. அப்பா அந்தச் சுங்கச் சாவடியில்தான் வேலை பார்த்தார். அதைப் பூட்டிய பிறகு அவருக்கும் வேலை இல்லை. கசில்டா கார்க் ஆலையில் இருந்தாள், ஆலை மூடியதும் படித்துப் பரீட்சை எழுதி வழிகாட்டி ஆனாள்.

கோட்டையைப் பற்றி அவளை எது வேண்டுமானாலும் கேட்கலாம், சொல்வாள். மணி என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது.

பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் எல்லைக்காரர்கள். பிறந்ததிலிருந்து "அவங்க நேரம், நம்ம நேரம்" என்று சொல்லி வளர்ந்தவர்கள். வெளியூர்க்காரனிடம் ஐந்து மணிக்கு வா என்றால் ஐந்து மணிக்கு வருவான். எங்கள் ஆட்கள் அந்த ஐந்தை ஒரு முறை கூட்டிப் பார்ப்பார்கள், ஒரு முறை கழித்துப் பார்ப்பார்கள், பிறகு அவரவர் கெட்டிக்காரத்தனத்துக்குத் தக்கபடி வருவார்கள். கைபேசி இதில் சேர்ந்து கொண்டது. கோட்டையின் கிழக்குச் சுவரில் நின்றால் அது ஸ்பெயின் கோபுரத்தைப் பிடிக்கும். மேற்குச் சுவருக்கு நடந்தால் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். ஒரே குடும்பத்தில் கணவன் போனில் ஆறு, மனைவி போனில் ஐந்து.

அக்டோபரில் கம்பெனியிலிருந்து கசில்டாவுக்கு ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை பஸ் நம்ம நேரம் ஏழு மணிக்குள் ஊர் திரும்பியாக வேண்டும், ஏழேகாலுக்கு அதே வண்டி காசெரஸ் நகரத்துக்குப் புறப்படுகிறது. இந்தப் பருவத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். (ஒன்று துண்டுக் கடையில், மற்றது கருவாட்டுக் கடையில். எங்கள் ஆட்களுக்குப் போர்ச்சுகல் என்றால் குளியல் துண்டும் காட் மீன் கருவாடும்தான்.) மூன்றாவது முறை தாமதமானால் வழிகாட்டி தேவையில்லை, பயணிகள் போனில் கேட்டுக்கொள்ள ஒலிப்பதிவு போதும் என்று எழுதியிருந்தார்கள். வண்டி எப்போது வந்தது என்பதை வண்டியிலிருக்கும் கருவியே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். கெஞ்சவும் முடியாது, சமாளிக்கவும் முடியாது. ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் அடுத்ததாகக் கிடைக்கிற வேலை, முதியோர் இல்லத்தில் ஆட்களைப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவது.

நவம்பர் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, நாற்பத்துநாலு பேர் ஏறினார்கள். இல்லத்தரசிகள் சங்கமும், சங்கத்துக்கு வாக்கப்பட்ட கணவன்மார்களும்.

முதல் வரிசையில் லியோன்சியோ, எழுபத்தெட்டு வயது, ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். லிஸ்பன் ரயில் நின்று போன எங்கள் ஸ்டேஷனில் முப்பத்தெட்டு வருஷம் கொடி காட்டியவர். பக்கத்தில் அவர் மனைவி விசித்தா. பஸ் கிளம்பியதும் தூங்கி, பஸ் நின்றதும் விழிக்கிற பிறவி. அன்றும் வாயைத் திறந்தபடி ஜன்னலில் சாய்ந்துவிட்டாள்.

போன வசந்தத்தில் விசித்தா இல்லாமல் தனியாக வந்தபோது லியோன்சியோ செய்த காரியம் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. கசில்டா ஐந்து மணி என்று சொல்ல, அவர் தன் கைக்கடிகாரத்தில் ஐந்தானதும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மற்றவர்களுக்காக முழுசாக ஒரு மணி நேரம் காத்திருந்தார். வந்த ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்தித் திட்டினார். தன் கடிகாரத்தை எதற்காகவும் மாற்ற மாட்டார்.

"இன்னைக்கும் இவர் கடிகாரத்துக்குத்தான் நாம வாழணுமா?" என்று பின்னாலிருந்து ஒப்துலியா குரல் கொடுத்தாள். சங்கத்தின் செயலாளர் அவள். எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பாள்.

கசில்டா மைக்கை வைத்துவிட்டு லியோன்சியோ பக்கத்தில் குனிந்தாள். "ஐயா, இன்னைக்கு ஒரு நாள் மாத்திக்கோங்க. என் வேலை இதுல தொங்குது."

"ஸ்டேஷன்ல ரெண்டு கடிகாரம் மாட்டியிருந்தோம். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு நமக்கு. என் கையில இருக்கிறது நம்மளோடது."

"சாயங்காலம் நானே திருப்பி வச்சுத் தர்றேன்."

"கண்ணாடி இல்லாம எனக்கு முள்ளே தெரியாது."

"நீட்டுங்க கைய."

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க நீட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். கசில்டா கடிகாரச் சாவியை இழுத்து ஒரு மணி நேரம் திருப்பினாள். பிறகு மைக்கை எடுத்துச் சொன்னாள்: "அவங்க நேரம் அஞ்சு. நம்ம நேரம் ஆறு. பஸ் நிக்கிற இடத்துல, கோட்டை வாசலுக்கு வெளியே. போனைப் பார்க்காதீங்க. யாரையும் கேட்காதீங்க. அவங்க நேரம் அஞ்சு."

"அதாவது நாலா?" என்றது ஒரு குரல்.

சாப்பாட்டில் வழக்கமான ரகளை. அடிவாரத்து ஓட்டலில் பன்னிரண்டரைக்கே தட்டு வந்தது. "இந்நேரத்துல நாங்க காபியே குடிச்சு முடிக்க மாட்டோம்" என்றாள் ஒப்துலியா. சொல்லிவிட்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஓட்டல்காரர் ஒரு மணிக்கு மேஜை துடைக்க ஆரம்பித்தார். மேலே கோட்டையில், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் குரல் எதிரொலிக்கும் என்று கசில்டா சொல்லி முடிப்பதற்குள் நாற்பத்துநாலு பேரும் அவரவர் பேரக் குழந்தைகளின் பெயரைக் கத்தினார்கள். எதிரொலியைக் கேட்க ஒருவரும் வாயை மூடவில்லை.

ஐந்து மணிக்கு அவள் எண்ணினாள். நாற்பத்திரண்டு. இன்னொரு முறை எண்ணினாள். முதல் வரிசை காலி.

விசித்தாவின் போன் அணைந்திருந்தது. வெளிநாட்டில் போனைத் திறந்தால் வீட்டை விற்க வேண்டி வரும் என்று அவள் இன்னும் நம்புகிறாள். அந்த வெளிநாட்டுக் கட்டணத்தை நீக்கிப் பல வருஷம் ஆகிறது. லியோன்சியோவிடம் போனே கிடையாது.

டிரைவர் எவுதிமியோ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஊர் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிஷம். அவங்க நேரம் ஐந்து இருபத்தைந்துக்குக் கிளம்பினால்கூட நம்ம நேரம் ஏழுக்குள் போய்விடலாம்.

"பதினஞ்சு நிமிஷம் பார்ப்போம், அப்புறம் கிளம்பலாம்" என்றார். "விதி அப்படித்தானே? டாக்சி பிடிச்சு வரட்டும்."

விதி அப்படித்தான். பதினைந்து நிமிஷமும் ஆனது. கசில்டா அடிவாரத்து டாக்சிக்காரருக்குப் போன் செய்து இரண்டு பேர் வருவார்கள் என்று சொல்லி வைத்தாள். எவுதிமியோ வண்டியைக் கிளப்பினார். கதவு பாதி மூடிவிட்டது.

அப்போது ஒப்துலியா சொன்னாள், இந்த முறை நக்கல் இல்லாமல்: "அந்த மனுஷன் கடிகாரம் தப்பாப் போனதே கிடையாது. இன்னைக்கு எப்படிப் போச்சு?"

கசில்டா தன் விரல்களைப் பார்த்தாள். காலையில் சாவியை எந்தப் பக்கம் திருப்பினோம்? முன்னாலா, பின்னாலா? யோசித்துப் பார்த்தாள். ஒலிபெருக்கி இரைந்ததும், மூட்டை ஒன்று விழுந்ததும், கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் ஞாபகம் வந்தன. முள் எந்தப் பக்கம் போனது என்பது மட்டும் வரவில்லை.

"கதவத் திற" என்றாள்.

"இப்ப நீ இறங்கினா ஏழு மணி போச்சு, கசில்டா."

"தெரியும்."

"டாக்சிதான் சொல்லியாச்சே."

"அவங்க லேட்டா வரல, எவுதிமியோ. நான் லேட்டா வர வச்சிருக்கேன். திற."

வாசலுக்குள் ஏறும் தெரு முழுக்கக் கருங்கல் பாவியது. காலையில் பயணிகளிடம் "மெதுவா நடங்க, வழுக்கும்" என்று சொல்கிற தெருவில் அவள் ஓடினாள். கோட்டைச் சீட்டுக் கொடுக்கிற பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே யாரும் இல்லை என்றாள். தேவாலயத்து அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. காபிக் கடையில் இரண்டு போர்ச்சுகல்காரர்கள் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டுக் கடை மூடியாயிற்று. கசில்டா வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு போனாள். கடிகாரத்தை, அதைக் கண்டுபிடித்தவனை, மலையை, மலை மேல் ஊர் கட்டியவனை, கடைசியில் தன் விரல்களை.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு மேற்குச் சுவரின் அடியில் ஒரு கல் பெஞ்சில் அவர்களைக் கண்டாள். நடுவில் காகிதப் பொட்டலத்தில் சுட்ட செஸ்ட்நட். லியோன்சியோ உரித்துக் கொடுக்க, விசித்தா தின்றுகொண்டிருந்தாள். சூரியன் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"வாம்மா, உட்காரு" என்றாள் விசித்தா. "இன்னும் ரெண்டு இருக்கு, சூடா இருக்கு. இந்த நாட்டுல பாரேன், அஞ்சு மணி ஆகல, சூரியன் அதுக்குள்ள கடையைச் சாத்திருச்சு."

கசில்டாவுக்கு மூச்சு வாங்கியது. லியோன்சியோவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தெட்டு. சரியாகத்தான் திருப்பியிருந்தாள்.

"ஐயா, மணி என்ன?"

"இவகிட்டக் கேளு. கண்ணாடி கொண்டு வரல. நாள் முழுக்க இவதான் பார்த்துச் சொல்றா."

விசித்தா அவர் கையைப் பார்த்தாள். "நாலே முக்கால். கொஞ்சம் கூட இருக்கும்."

"அம்மா, முள்ளு எங்க நிக்குது?"

"முள்ளு அஞ்சே முக்கால்ல. அது நம்ம நேரம். இவர் எங்க மாத்துவாரு? அம்பது வருஷமா நான்தான் ஒண்ணைக் கழிச்சுச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

லியோன்சியோ கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தார்.

"விசித்தா, காலையில மாத்தியாச்சு."

"யாரு மாத்தினா?"

"இந்தப் பொண்ணு. பஸ்ல."

"என்கிட்டச் சொன்னீங்களா?"

"நீ தூங்கிட்டு இருந்தே."

"எழுப்பிச் சொன்னா என்ன? அம்பது வருஷத்துல ஒரு தடவை மாத்தியிருக்கீங்க, அதைப் பொண்டாட்டிகிட்டச் சொல்லத் தோணலையா?"

"நான் நேரம்தானே கேட்டேன். கணக்கா போடச் சொன்னேன்?"

"சண்டையைப் பஸ்ல போடலாம்" என்றாள் கசில்டா. "எந்திரிங்க."

விசித்தாவின் முழங்காலுக்கு இறக்கம் ஆகாது. கசில்டா ஒரு பக்கம், லியோன்சியோ ஒரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். பாதி வழியில்தான் கிழவருக்குக் காலையில் அவள் சொன்னது உறைத்தது.

"உன் வேலைன்னு ஏதோ சொன்னியே."

"நடங்க ஐயா."

"போகுமா?"

"போயிருச்சு. கல்லைப் பார்த்து வைங்க கால."

பஸ்ஸில் கைதட்டல் கிளம்பியது, கேலிக் கைதட்டல். ஒப்துலியா ஏதோ சொல்ல வாயெடுத்து, கசில்டாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். அவங்க நேரம் ஆறு ஆறு. திரும்பும் வழியில் காபி கடத்திய காலத்துக் கதை ஒன்று சொல்வது கசில்டாவின் வழக்கம், அப்பாவிடம் கேட்டது. அன்று மைக்கைத் தொடவில்லை. பழைய சுங்கச் சாவடி தாண்டும்போது லியோன்சியோ எழுந்து வந்து, அவள் முன் கையை நீட்டினார்.

"நீங்களே திருப்பிக்கோங்க ஐயா" என்றாள். "இனிமே நான் யார் கடிகாரத்தையும் தொடறதா இல்ல."

வண்டி நம்ம நேரம் ஏழு நாற்பத்தொன்றுக்கு ஊர் வந்தது. காசெரஸ் போக வேண்டியவர்கள் பத்தொன்பது பேர் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் கேட்டதை இங்கே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை லியோன்சியோ கோட்டு போட்டுக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். தாமதத்துக்குக் காரணம் வழிகாட்டி இல்லை, தன் மனைவியின் கழித்தல் கணக்கு என்று விளக்கினார். விளக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கருவி ஏழு நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறது என்றாள். கருவி சரியாகத்தான் எழுதியிருக்கிறது என்று ரயில்வேக்காரர் ஒப்புக்கொண்டார். அங்கேதான் கசில்டா மறுபடி தோற்றாள்.

"நீங்க போகாமலே இருந்திருக்கலாம்" என்று அவள் பிறகு கடைத்தெருவில் சொன்னாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வீட்ல இருக்கச் சொல்றேன்."

புதன்கிழமை கடிதம் வந்தது. குளிர்கால விடுமுறை முடிந்து மார்ச்சில் மறுபடி ஓடும்போது மர்வாவ் பஸ்ஸில் வழிகாட்டி இல்லை. முதியோர் இல்லத்தில் அவள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள், ஜனவரியில் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கசில்டாவின் கடைசிப் பயணம் டிசம்பர் பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை. நாற்பத்தாறு இடமும் நிரம்பிவிட்டது. பஸ் காலை ஒன்பது மணிக்குப் புறப்படும், நம்ம நேரம்.