ரசம் சப்பென்றிருந்த வாரம்

பிள்ளைகளே, பின்கட்டில் உங்கள் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாளே ஒரு ஓட்டை வாளி, அதை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம் என்று போன வாரம் கேட்டீர்கள். அதற்குப் பதில் இது. நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. நானும் உங்கள் அம்மாவும் கப்பலில் வந்து இறங்கி, ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். எனக்கு வயது இருபத்திரண்டு. அவளுக்குப் பதினெட்டு இருக்கும். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதிலும் பாதி நாள் கப்பலிலும், இறங்கியதும் அடைத்து வைத்த கொட்டகையிலுமாகப் போய்விட்டது. ஆகையால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வரிசை வீட்டில்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளவே ஆரம்பித்தோம்.

நான் தெரிந்துகொண்ட முதல் விஷயம், உங்கள் அம்மாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது என்பது. முதல் நாள் மரத்திலிருந்து பால் சொட்டுவதைப் பார்த்தவள், "இந்த மரம் பாலு குடுக்குதே, இதுக்குக் கன்னு எங்கங்க?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். கித்தாக் காய் வெயிலில் வெடித்துக் கூரைமேல் விழும்போது யாரோ கல் எறிகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணம் தெரிந்ததும் மறுநாள் ஒரு காயை அடுப்போரத்தில் வைத்து, எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்துவிட்டது.

இப்போது கூலாயில் வளரும் உங்களுக்கு அந்த வேலை தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். விடியுமுன் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதைப் பெரட்டு என்போம். பிறகு அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசைக்குப் போய், உளியால் பட்டையைச் சீவி, அடியில் மங்கு வைப்போம். மங்கு என்றால் சின்னப் பீங்கான் கிண்ணம். வெயில் ஏறியதும் மங்கில் சேர்ந்த பாலை இரண்டு வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போவோம். அங்கேதான் ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். வழியிலேயே உறைந்துவிட்டால் அந்தப் பால் கழிவு. வெட்டினவன்மேல்தான் குற்றம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தோட்டத்திலும் அவர் மர வரிசைக்கு அடுத்தது என் வரிசை. நான் வந்தபோது கங்காணி அவரிடமிருந்து பாதையோரத்து மரங்கள் நாற்பதை எடுத்து என் வரிசையில் சேர்த்துவிட்டார். நல்ல பால் மரங்கள். அவருக்குப் பதிலாகச் சரிவில் சில மரங்களைக் கொடுத்தார்கள். "வந்தவனுக்கு வாசப்படி மரம், இருக்கிறவனுக்கு வழுக்குற மரம்" என்று அவர் காண்டாக் கம்பை மாற்றிப் போட்டுக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. அதை நான் மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை நான் ஸ்டோரில் வாளியைக் கவிழ்த்தபோது வடிகட்டியில் பால் இறங்கவில்லை. கட்டி கட்டியாக நின்றது. கணக்கு எழுதும் கிராணி எட்டிப் பார்த்து, "என்னய்யா இது? பால் கொண்டாரச் சொன்னா இட்லி கொண்டாந்திருக்க?" என்றார். மழைத் தண்ணீர் கலந்திருக்கும் என்று கங்காணி சொன்னதால் அன்று தப்பினேன். செவ்வாய்க்கிழமை மழையே இல்லை. அப்போதும் கட்டி. புதன்கிழமை பாதிக்குமேல் கட்டி.

கங்காணி என்னைத் தனியே கூப்பிட்டார். "வாளிய வெட்டு முடியிற வரைக்கும் எங்க வெச்சிருந்த?"

"பாதையோரத்துலங்க. பக்கத்து வீட்டண்ணன் வரிசைக்குக் கிட்ட."

"அவனுக்கு உன்மேல ஏதாச்சும் கோபமா?"

இந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாதுதானே உண்மை? ஆனால் நான், "மரத்த எடுத்ததுலேருந்து மொறைச்சுக்கிட்டுத்தாங்க இருக்காரு" என்று சொன்னேன்.

அவரைக் கூப்பிட்டு எல்லார் முன்பும் கேட்டார்கள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "ஏன் தம்பி, நான் என் மங்கையே ஒழுங்கா கழுவறது இல்லன்னு தெனமும் திட்டு வாங்குறேன். உன் வாளிக்கு வந்து நான் என்ன செய்யப் போறேன்?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கங்காணி சிரிக்கவில்லை. "ஸ்டோர் ஆசிட்ட எடுத்து ஊத்தியிருக்க. நாளைக்குப் பெரட்டுல கிராணி முன்னால பேசிக்கலாம். திருடின பேரு செக்ரோல்ல நிக்காது" என்றார். செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. லயத்து வீடும் அன்றைக்கே போய்விடும். அவர் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

நான் வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். திருடனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஒரு மிடுக்கு எனக்கு. நடந்ததைச் சொன்னேன். ரசத்தை ஊற்றிக்கொண்டு, "என்ன புள்ள, நாலு நாளா ரசம் வெந்நி மாதிரி சப்புன்னு இருக்கு?" என்றும் கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "ஆசிட்டுன்னா என்னாங்க? எப்படி இருக்கும்?" என்றாள்.

"தண்ணி மாதிரிதான் இருக்கும். கிட்டப் போனா மூக்குல ஏறும்."

"என்னா வாசம்?"

"புளிச்ச காடி மாதிரி ஒரு புளிப்பு."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.  பிறகு, "எனக்குக் கொஞ்சம் மரத்துப் பாலு வேணும். இப்பவே" என்றாள். எதற்கு என்று கேட்டால், "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

சாயங்கால வெயிலில் இருவரும் லயத்துக்குப் பின்னாலிருந்த மரத்துக்குப் போனோம். பாலெடுத்த பிறகும் கொஞ்சம் சொட்டிக்கொண்டிருக்கும், மங்கில் இரண்டு விரல் அளவு இருந்தது. அதை ஒரு சிரட்டையில் ஊற்றினேன். அவள் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டு வந்திருந்த, மிச்சமிருந்த ஊறின புளியை அதில் பிழிந்தாள். ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, ஒண்ணும் இல்ல" என்றேன். "இருங்களேன்" என்று ஒரு குச்சியால் மெல்லக் கலக்கினாள். குச்சி கனத்தது. பால் ஓரத்திலிருந்து சுருங்கி நடுவில் திரண்டது. அவள் விரலை விட்டுத் தூக்கினால் முழுசாக ஒரு கட்டி வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. "ஐயோ, உசிரு இருக்கிற மாதிரி இழுக்குதுங்க!" என்றாள். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு நிமிஷம் நாங்கள் இருவரும் பக்கத்து வீட்டுக்காரரையும் மறந்து, கங்காணியையும் மறந்து, அந்தக் கட்டியை மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் அவள் முகம் மாறியது. "நான்தாங்க" என்றாள்.

குழாயடியில் பெண்கள், 'புதுப்பொண்ணே, உன் புருஷன் வாளிய நான் பன்னிக்குக் கஞ்சி ஊத்துற சட்டின்னு நெனைச்சேன்' என்று கேலி செய்திருக்கிறார்கள். ஊரில் பித்தளைக் குடத்தைத் துலக்குகிற மாதிரி புளியும் மண்ணும் போட்டு என் வாளிகளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் தேய்த்திருக்கிறாள். குழாயில் வரிசை நீளம். ஒரு குடம் தண்ணீர் பிடிக்கவே அரை மணி ஆகும். அலசாமல் துணியால் துடைத்து வைத்துவிட்டாள்.

"குடிக்கிற பாலா இருந்தா நாலு தடவ கழுவியிருப்பேங்க. மரத்துப் பாலுதானே, யாரு குடிக்கப் போறான்னு விட்டுட்டேன்."

"அதான் ரசத்துல புளி இல்லையா?"

"மொத்தமும் வாளிக்குத்தாங்க போச்சு."

வாளி பளபளவென்று இருந்ததை நானும் பார்த்தேன், பிள்ளைகளே. அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கப் பெருமையாகக்கூட இருந்தது. எப்படிப் பளபளக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. கேள்வி கேட்பது அவள் வேலை என்று இருந்துவிட்டேன்.

இனிமேல் எழுதப் போவது எனக்குப் பெருமை தருவதல்ல. நான் அவளிடம், "நாளையிலேருந்து நல்லா அலசிடு. பாலு உறையாது. விஷயம் தானா அடங்கிடும்" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "அந்த அக்கா மாசமா இருக்காங்களே, எங்கங்க போவாங்க?" என்று கேட்டாள். வழக்கம்போல நிஜமாகவே கேட்டாள். அவளுடைய கேள்விகளில் எதற்கானாலும் ஏதோ ஒரு பதில் சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். இதற்கு என்னால் முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். காலையில் பேர் வெட்டப்படப் போகிறவர் மறுநாள் வேலைக்கு உளி தீட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிராமல் தீட்டிக்கொண்டே இருந்தார்.  உள்ளேயிருந்து அவர் மனைவிதான், "அலமாக்! புளியா!" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

அவர் உளியின் முனையைக் கட்டைவிரலில் தொட்டுப் பார்த்தார். "இத எங்கிட்ட வந்து ஏன் சொல்ற? நான் ஊத்தலன்னு எனக்குத்தான் தெரியுமே. எம்பேரு எங்க கெட்டுச்சோ, அங்க போய்ச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பெரட்டில் லாந்தர் வெளிச்சத்தில் நூறு பேருக்குமேல் நின்றார்கள். கங்காணி அவர் பேரை எடுத்ததும் நான் வரிசையை விட்டு முன்னால் வந்தேன்.  வாளியைத் துலக்கியது நான் என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன். "ஐயா, தப்பு என்மேலதான். வாளியப் புளி போட்டு" என்று ஆரம்பித்தேனோ இல்லையோ, பெண்கள் வரிசையிலிருந்து உங்கள் அம்மா சிரட்டையோடு வந்து நின்றாள்.

"தேய்ச்சது நானுங்க. அவரு பொய் சொல்லப் போறாரு. இதப் பாருங்க, புளி பிழிஞ்ச பாலு."

கிராணி கட்டியை வாங்கி முகர்ந்தார், இழுத்தார். கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, தோட்டத்துப் பாலுக்கே ரசம் வெச்சியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவள் மட்டும், "புளி பட்டா உறையும்னு யாருமே எங்களுக்குச் சொல்லலீங்களே" என்றாள். சிரிப்பு நின்றது.

"அண்ணன்மேல பழி சொன்னது நானுங்க. நான் எதையும் பாக்கல. சும்மாச் சொன்னேன்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவர் பேர் செக்ரோலில் நின்றது. என்னிடமிருந்து உளியை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் புல் வெட்ட விட்டார்கள். அந்த ஒரு மாதமும் என் வரிசையை அவரும் இன்னொருவரும் பங்கிட்டு வெட்டினார்கள். உளி திரும்பக் கிடைத்தபோது, அந்த நாற்பது மரமும் அவரிடமே இருக்கட்டும் என்று கங்காணியிடம் கேட்டுக்கொண்டேன். சரிவு மரங்கள் எனக்கு வந்தன. மழை நாளில் இரண்டு முறை சறுக்கி விழுந்தேன்.

அவர் என்னோடு பேச நாளாயிற்று. எதிரில் வந்தால் காண்டாக் கம்பைத் தோள் மாற்றிக்கொண்டு போய்விடுவார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து, உங்கள் அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போதும் பேசவில்லை. ஒரு நாள் ஸ்டோர் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், என் வாளிக்குள் எட்டிப் பார்த்து, "என்னா தம்பி, இன்னிக்கு ரசமா, மோரா?" என்றார். நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, கண்தான் கரித்தது.

அன்று சாயங்காலம், இப்போது கறிவேப்பிலைக் கன்று நிற்கிற அந்த வாளியை உங்கள் அம்மாவிடம் கொடுக்காமல் நானே ஓடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே யாரும் இல்லை. நாலு தடவை அலசினேன். பிறகு வாளியின் அடித்தகர மடிப்பில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு இல்லை, வெறும் தகர ருசிதான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும், யார்மேலாவது ஒரு குறை சொல்ல வாயெடுக்கும்போது அந்தத் தகர ருசி முந்திக்கொண்டு என் நாக்கில் வந்து நிற்கிறது.