சத்தமே இல்லாத வகுப்பு

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் கழுகு. அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. வீட்டிலும் அதே கண்தான். கணவர் ஒருநாள் தானாகவே பாத்திரம் கழுவி வைத்தபோது, "என்னத்த உடைச்சீங்க?" என்றுதான் கேட்டார்.

"இங்கயும் போலீஸ் வேலையா?" என்று கணவர் சிரித்தார். ஆனால் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்துதான் இருந்தது.

எட்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், அந்த வகுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. "தங்கமான பிள்ளைங்க. நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம்," என்றார் தலைமையாசிரியர்.

உள்ளே நுழைந்தால் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. டீச்சர் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டே உட்கார்ந்தார். பசை இல்லை. இழுப்பறையில் பல்லி, ஓணான் எதுவும் இல்லை. இந்த வயதில் இத்தனை பேர் சேர்ந்தாற்போல் வாய் மூடியிருந்தால் அவருக்குச் சந்தேகம்தான் வரும். வேண்டுமென்றே ஒரு ஜோக் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் ஜன்னலோரம் இருந்த வகுப்பு லீடரிடம் போனது. அந்த நெட்டைப் பெண் உதட்டை லேசாக அசைத்த பிறகுதான் சிரிப்பு கிளம்பியது.

மணி அடித்ததும் டீச்சர் வெளியே வந்தார். ஆனால் போகவில்லை, கதவோரமாக நின்றுகொண்டார்.

"பாடம் நடக்கும்போது ஏன்டி இருமுன?" லீடரின் குரல்.

"தொண்டை கரகரன்னு இருந்துச்சு," என்றாள் ஓர் ஒல்லிப் பெண்.

"இன்னைக்கும் உனக்குத் தண்ணி கிடையாது. பாட்டிலை எடு."

டீச்சர் திரும்ப உள்ளே வந்து குனிந்து பார்த்தார். லீடரின் பெஞ்சுக்கடியில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவருக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார்.

"யாரு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"

"பழைய டீச்சர்தான் எப்படியாவது சத்தமில்லாம வச்சுக்கோன்னு சொன்னாங்க. வச்சேன்ல?" டீச்சர் ஏன் கோபப்படுகிறார் என்றே லீடருக்குப் புரியவில்லை.

அப்போதுதான் வகுப்புக்கு வாய் வந்தது. "அவளுக்கும் தண்ணி குடுக்காதீங்க டீச்சர்!"

"அந்தத் தண்டனை இனி இங்க யாருக்கும் கிடையாது. அவளுக்கும்தான்," என்றார் டீச்சர். லீடர் பதவி போனது. ஒவ்வொருவரிடமும் பாட்டிலைக் கொடுத்து அவள் மன்னிப்பு கேட்டாள். பிறகு டீச்சர் விதியைச் சொன்னார்: பேச வேண்டுமென்றால் கை தூக்கு, குறுக்கே பேசினால் இடைவேளையில் உட்கார்ந்து கணக்குப் போடு. யாராயிருந்தாலும் இதுதான்.

தலைமையாசிரியரிடம் போய், "உங்களுக்கு இது தெரியுமா சார்?" என்று நேராகவே கேட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அமைதியா இருந்துச்சு. நல்லதுதானேன்னு விட்டுட்டேன்." டீச்சர் அதை முழுதாக நம்பவில்லை.

அதன்பிறகு வகுப்பு சந்தைக்கடையானது. பக்கத்து வகுப்பு சார் சுவரைத் தட்டினார். டீச்சர் விதியை விடவில்லை. மெல்ல மெல்லச் சத்தம் ஒரு அளவுக்கு வந்தது. நெட்டைப் பெண்மீது மட்டும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒருநாள் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் கிசுகிசுப்பு கேட்டது. திரும்பாமலே அவள் பெயரைச் சொல்லி, "இடைவேளையில உட்காரு," என்றார்.

"நான் பேசவே இல்ல டீச்சர்." அவள் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் நம்பவில்லை. அப்போது அந்த ஒல்லிப் பெண் எழுந்தாள். "அவ இல்ல டீச்சர். நான்தான்."

டீச்சரின் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. பழிதீர்க்க நல்ல வாய்ப்பு இருந்தும் இந்தச் சின்னப் பெண் அதைத் தொடவில்லை. அவர் நெட்டைப் பெண்ணைப் பார்த்து எல்லார் முன்னாலும், "தப்பு என்மேல. மன்னிச்சுக்கோம்மா," என்றார்.

பிறகு ஒல்லிப் பெண்ணிடம், "நீ இடைவேளையில உட்காரு," என்றார்.

"உண்மையைச் சொன்னதுக்குமா டீச்சர்?"

"பேசுனதுக்கு. விசாரிக்காம தீர்ப்பு சொன்னதுக்கு நானும் உன்கூட உட்காருறேன்."

அன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் டீச்சரின் டீ ஆறிப்போனது.