மேஸ்திரிக்குப் பிடிக்காத சொல்

லிஃப்ட் அக்காவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று வேலையிடத்தில் சொல்வார்கள். பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் ஸ்பேனருமாகப் பழுது பார்த்துக்கொண்டே அவள் பாட்டு முணுமுணுப்பதைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் வீட்டில், இரண்டே கால் வயதுப் பெண் ஒருத்தி அவளைப் பார்த்து வீறிடும்போது அவள் பயந்து இரண்டடி பின்வாங்குவாள். அது யாருக்கும் தெரியாது.

குழந்தை வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேறு நாடு, வேறு பாஷை. அங்கே ஒரு காப்பகத்தில் இருந்தவளை இரண்டு விமானம் மாறித் தூக்கி வந்தார்கள். கோப்பில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. வந்த மறுநாளே அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் போய், அலமாரிக் கதவைத் தட்டி, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்து, எதிலும் திருப்தியில்லாமல் நின்றாள். அதைப் பார்த்த அப்பா "மேஸ்திரி" என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. அப்பா, அதாவது லிஃப்ட் அக்காவின் புருஷன், தையல்காரர். ஆஸ்பத்திரிச் சீருடைகள் தைப்பவர். முன்னறையிலேயே மெஷின், முன்னறையிலேயே பிழைப்பு, அதனால் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

மேஸ்திரி நன்றாகத்தான் வளர்ந்தாள். ஒன்பது கிலோவாக வந்தவள் பதினொன்றரை ஆனாள். ஆறு மாதத்தில் மூன்று ஜோடிச் செருப்பு. ஆரம்பத்தில் விழுந்தால் அழமாட்டாள், எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். "எவ்வளவு சமத்து" என்று தையல்காரரின் அக்கா மெச்சிக்கொண்டாள். லிஃப்ட் அக்காவுக்கு அது சமத்தாகத் தெரியவில்லை. அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளைதான் அப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாலாம் மாதம் ஒருநாள் குழந்தை விழுந்து, சுற்றுமுற்றும் பார்த்து, தையல்காரரிடம் ஓடி முழங்காலைக் காட்டி ஓவென்று அழுதது. பிள்ளை அழுததற்குப் புருஷனும் பெண்டாட்டியும் பல்லெல்லாம் தெரியச் சிரித்த வீடு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே நாலாம் மாதம்தான் இன்னொரு வம்பும் ஆரம்பித்தது. "அம்மா" என்று குழந்தை தானாகவே கூப்பிடும். லிஃப்ட் அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவதற்குள் வீறிடும். கூப்பிட்டதும் அதுவே, கத்துவதும் அதுவே. அப்பாவிடம் இந்த வம்பெல்லாம் கிடையாது.

இதைத் தத்து அலுவலகத்து அதிகாரியம்மாவும் பார்த்துவிட்டார். தத்து முறைப்படி முடிவதற்குள் அவர் மூன்று தடவை வீட்டுக்கு வந்து பார்த்து கோர்ட்டுக்கு எழுத வேண்டும். இரண்டாவது தடவை வந்தபோது மேஸ்திரி கூரை பறக்கக் கத்தினாள். நல்ல மனுஷிதான், பதமாகத்தான் சொன்னார். "குழந்தை அம்மாகிட்ட ஒட்டலைன்னா நான் அப்படித்தான் எழுதணும். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, தீர்ப்பைத் தள்ளி வைக்கச் சொல்லுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தள்ளி வைப்பது என்றால் எவ்வளவு நாள், அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

தையல்காரரின் அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. "வேலை வேலைன்னு ஓடுறவகிட்ட பிள்ளை எப்படி ஒட்டும்? தம்பிகிட்ட எப்படி ஒட்டிக்கிச்சு பாரு. பேசாம வேலையை விட்டுடு."

"பழுது எங்கேன்னு தெரியாம எதையும் கழட்டக் கூடாது அண்ணி" என்றாள் லிஃப்ட் அக்கா.

பேச்சுக்குச் சொன்ன பதில் இல்லை அது, அவள் வேலை செய்கிற விதமே அதுதான். லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று முதலில் கேட்கமாட்டாள். எப்போது நிற்கிறது என்றுதான் கேட்பாள். எந்த மாடி, ஏறும்போதா இறங்கும்போதா, உள்ளே எத்தனை பேர், எல்லாவற்றையும் எழுதுவாள். அப்படியே ஒரு தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டினாள். மேஸ்திரி கத்தினால் நேரம், இடம், அம்மா என்ன உடுத்தியிருந்தாள், கையில் என்ன, என்ன பேசினாள்.

முதலில் கிரீஸ் வாடை மேல் சந்தேகப்பட்டாள். குளித்துவிட்டு வந்து நின்றாள், குழந்தை கத்தியது. சீருடையைக் கழற்றிவிட்டுப் பூப்போட்ட சட்டை போட்டாள், அதற்கும் கத்தியது. கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாள். "இனி தலையைத்தான் கழட்டணும்" என்றார் தையல்காரர். அவள் சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் தாளில் பதினோரு வரி சேர்ந்திருந்தது. லிஃப்ட் அக்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தாள். பிறகு, தான் பேசியதை எழுதியிருந்த கடைசிக் கட்டத்தை மட்டும் படித்தாள். இதோ வரேன். இதோ வரேன். இருடா, வரேன். வந்துட்டேன் வரேன். பதினோரு வரியிலும் அந்த ஒரு சொல்தான்.

காலையில் வாசலில் குழந்தை அழுவதை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எந்தப் பிள்ளைதான் வாசலில் அழாது என்று விட்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்து, தினம் தினம் அங்கே அவள் சொன்னது என்ன? "வரேன்டா கண்ணு." சொல்லிவிட்டுப் பத்து மணி நேரம் ஆளையே காணோம்.

நம் வாய் அப்படிப் பழகியது. போகிறவர்கள் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. பிறந்தது முதல் இதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒன்றும் வித்தியாசமில்லை. ஆறு மாதம் முன்பு இந்தப் பாஷைக்குள் இறங்கிய பிள்ளை என்ன செய்யும்? கண்ணால் பார்த்ததை வைத்துத்தானே அர்த்தம் பண்ணிக்கொள்ளும். வரேன் என்றால் அம்மா போய்விடுவாள். ஆசையாக "அம்மா" என்று கூப்பிட்டால் சமையலறையிலிருந்து "இதோ போய்விடுகிறேன்" என்று பதில் வருகிறது. நீங்களும் நானும்கூடக் கத்தியிருப்போம்.

தையல்காரர் தப்பித்ததும் இதனால்தான். அவர் எங்கும் போவதில்லை, கூப்பிட்டால் "ம்" என்பதற்கு மேல் பேசுவதுமில்லை. வாயில் எந்நேரமும் நாலு குண்டூசி.

லிஃப்ட் அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேங்க" என்றாள். "பிடிக்காம இல்ல. நான் போயிடுவேன்னு பயந்திருக்கா." ரெண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது, ஆனால் அது சந்தோஷமான அழுகை.

மறுநாள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேஸ்திரியின் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "அம்மா வேலைக்குப் போறேன். நீ தூங்கி எழுந்து பால் குடிச்சதும் அம்மா வந்திருப்பேன்." வீட்டுக்குள் குழந்தை கூப்பிட்டால், "அம்மா இங்கதான் இருக்கேன்."

பார்க்க வந்த தையல்காரரின் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாசல்ல நின்னுக்கிட்டு போறேன்னா சொல்லுவாங்க? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில?"

"போறதைப் போறேன்னு சொன்னாத்தான் அண்ணி அவளுக்குப் புரியுது. உங்ககிட்ட வேணா வரேன்னு சொல்றேன்."

முதல் இரண்டு நாள் வாசலில் அழுகை இருந்தது. நாலாம் நாள் மேஸ்திரியே செருப்பைத் தேடி எடுத்து வந்து கொடுத்தாள். இடது வலது மாறியிருந்தது. லிஃப்ட் அக்கா மாறியபடியே மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். வீட்டுக்குள் வீறிடல் அடியோடு நின்றது.

மூன்றாம் தடவையாக அதிகாரியம்மா வந்தார். மேஸ்திரி அவருக்குத் தையல் மெஷினைச் சுற்றிக் காட்டினாள், நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டினாள், அவருடைய கைப்பையைத் திறந்து சோதனையும் போட்டாள். "அம்மா" என்று நாலு தடவை கூப்பிட்டாள், நாலு தடவையும் ஓடிப்போய் மடியில் விழுந்தாள். அதிகாரியம்மா சிரித்துக்கொண்டே நோட்டை மூடினார். எழுந்தார். "அப்ப சரிம்மா, நான் வரேன்."

அவரிடம் சொல்லி வைக்க மறந்தே போயிருந்தார்கள். தையல் மெஷின் பாதித் தையலில் நின்றது.

மேஸ்திரி நூல்கண்டைக் கீழே வைத்தாள். அதிகாரியம்மாவைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி, "இவங்க வரேன்" என்றாள். நாற்காலியில் இருந்த லிஃப்ட் அக்காவிடம் நடந்து வந்து, அவள் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பி அதிகாரியம்மாவுக்குச் சொன்னாள்.

"அம்மா வரேன் இல்ல."

"என்ன சொல்றா? எனக்குப் புரியலையே" என்று அதிகாரியம்மா மறுபடி உட்கார்ந்தார்.

லிஃப்ட் அக்கா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் போகமாட்டேனாம் மேடம்" என்றாள். "உங்களுக்குச் சொல்லி வைக்கிறா."