அம்மாவின் ஜெபக் குறிப்பு

அப்பா ரட்சிக்கப்பட்டது மூணாறுக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட் மைதானத்தில் நடந்த நற்செய்திக் கன்வென்ஷனில். அழுதார், கையைத் தூக்கினார், அடுத்த வாரமே ஃபாக்டரிக்குக் கீழே ஓடும் ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தார். மார்கழித் தண்ணீர். கரையேறியபோது அவருக்குப் பல் தந்தியடித்ததைப் பரிசுத்த ஆவி இறங்கியதாகவே அம்மா இன்றும் சொல்வாள். பீடி நின்றது, சீட்டாட்டம் நின்றது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இரண்டும் திரும்பி வந்தன. அப்பாதான் சபைக்குத் திரும்பவில்லை. சண்டையும் இல்லை, சந்தேகமும் இல்லை. "ஞாயித்துக்கிழமைதான அசந்து உறங்க முடியுது" என்றார், அவ்வளவுதான்.

அம்மா அதற்காக இடிந்துபோய்விடவில்லை. கர்த்தர் ஒருமுறை பிடித்த கையை விடமாட்டார் என்பது அவள் தைரியம். ஆனாலும் கர்த்தருக்கு நினைவூட்ட வேண்டுமே! வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு குறை: மகளுக்கு வரன், மகனுக்கு கல்ஃப் விசா, முழங்கால் வலி. அம்மாவுக்கு என்றும் ஒன்றுதான்.

"எங்க வீட்டுக்காரரு மறுபடியும் ரட்சிப்புக்குள்ள வரணும்."

இதில் கூத்து என்னவென்றால், அம்மாவைக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவதே அப்பாதான். பொழுது சாய்ந்தால் லயத்துப் பாதையில் யானை நிற்கும். டார்ச்சோடு கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். வாசற்படியில் உட்கார்ந்து, தனக்காக ஊரே கண்ணீர்விட்டு மன்றாடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் "போவமா?" என்பார். இப்படிப்பட்ட மனுஷர்மேல் எப்படிக் கோபப்படுவது? எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

போன வருஷம் புது பாஸ்டர் வந்தார். சின்ன வயசு, பைபிள் காலேஜ் சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், விசுவாசத்துக்குள் வந்து பின்வாங்கிப்போன பின்மாற்றக்காரர் என்று ஒருவருமே கிடையாது என்றார். விட்டுப் போனவர்கள் முதலில் ரட்சிக்கப்பட்டதே இல்லையாம். அவர்களுடைய அழுகையும் ஞானஸ்நானமும் வெறும் உணர்ச்சியாம். அன்று மதியம் அம்மா சாப்பிடவில்லை.

"அப்போ ஒங்கப்பா அந்தத் தண்ணியில முங்கி எழும்புனது சும்மாவா?" என்று என்னிடம் கேட்டாள். "பரலோகத்துல நான் தனியாவா போய் இருக்கணும்?"

பாஸ்டர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டாள். குறிப்புச் சொல்ல முடியாமல் போகிறதே என்று ஒரே புலம்பல். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். வழக்கம்போல் படியில் உட்கார்ந்தார். குறிப்புச் சொல்லும் நேரத்தில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"அவளால வர முடியல. அவ குறிப்பு அதேதான். வீட்டுக்காரரு ரட்சிப்புக்குள்ள வரணுமாம்."

யாரோ ஒரு அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாஸ்டர் அவசரமாகக் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஜெபம் முடியும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு சொன்னிய?"

"நீ எப்பவும் சொல்லுததத்தான்."

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நீங்களேயா? ஒங்களுக்கு அது வேணும்னு தோணிச்சா?"

அப்பா யோசித்தார். அம்மாவிடம் பொய் சொல்ல அவருக்கு வராது.

"எனக்குத் தெரியல. ஒனக்கு வேணும்லா."

அம்மா போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா கஞ்சி சூடு பண்ணப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவின் முறை வந்தது. "எங்க வீட்டுக்காரருக்கு நல்ல சுகத்தக் கொடுக்கணும்" என்றாள். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

பாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ரட்சிப்பு, அம்மா?" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"அத நானும் கர்த்தரும் பேசிக்கிடுதோம் பாஸ்டர். நீங்க சுகத்துக்கு ஜெபிங்க."