ஏழாம் எண்ணின் விலையை நான் இறக்கிய நாள்

முதலிலேயே வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். குதிரைப் பந்தயத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அத்தனை வருடத்தில் ஒரே ஒரு மனிதரைத்தான் பணம் கட்டாமல் தடுக்கப் பார்த்தேன். நான் தடுத்த விதத்தில், அவர் கையில் இருந்ததை எல்லாம் கட்டிவிட்டார். அவர் என் சகலை குப்புசாமி. என் மனைவியின் தங்கை செல்வியின் கணவர். நாமக்கல்லில் ஒற்றை லாரி வைத்திருந்தார்.

1. போர்டு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் நான் பெங்களூருவில் 'கணக்கு வேலை' பார்ப்பதாகத்தான் பேச்சு. பந்தய நாட்களில் ரயிலேறிப் போய், ரேஸ் கோர்ஸில் பந்தயப் பணம் வாங்கும் ஒரு புக்கியின் போர்டில் விலை போடுவேன்; அவர்தான் என் முதலாளி. முன்பு சாக்பீஸ், பிறகு கீபோர்டு. அழித்து எழுதும் புத்தி மட்டும் மாறவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு குதிரை ஓடுகிறது, ஆறும் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியாயமான விலை நூறுக்கு ஐந்நூறு, அதாவது நூறு கட்டி ஜெயித்தால் ஐந்நூறு லாபம். நாங்கள் நானூறு போடுவோம். அந்த இடைவெளிதான் எங்கள் சோறு. முதல் விலையை முதலாளி குதிரையின் பழைய ஓட்டம், சுமக்கும் எடை, ஜாக்கி எல்லாம் பார்த்துப் போடுவார். அதற்குப் பிறகு குதிரைக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எந்தக் குதிரை மேல் பணம் குவிகிறதோ அதன் விலையை இறக்கி, மற்றவற்றை ஏற்றுவோம். லாரியில் ஒரு பக்கம் பாரம் கூடினால் மாற்றி அடுக்குகிற மாதிரிதான்.

புக்கிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு ரிங் என்று பெயர். அங்கே ஒவ்வொரு புக்கிக்கும் ஒரு ஆள் உண்டு; அடுத்தவர் போர்டைப் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. ஒரு போர்டில் விலை இறங்கினால், அங்கே விவரம் தெரிந்த பணம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே எல்லாரும் இறக்குவார்கள். இதைப் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். இதைத்தான் அன்றைக்கு மறந்தேன்.

2. எஞ்சின் காசு

ஒரு சனிக்கிழமை, இரண்டாவது ரேஸ் முடிந்ததும் எங்கள் போர்டுக்கு முன்னால் சகலை நின்றார். கக்கத்தில் டிரைவர்கள் வைத்திருக்கும் ரெக்சின் பை.

"ஏனுங்க சகலை, சாப்ட்டாச்சுங்களா?"

"நீங்க எங்க இங்க?"

"வண்டி பட்டறைல கெடக்குதுங்க. ஊட்டுல உக்காந்து என்ன பண்றதுன்னு ஒரு நட வந்தேன்."

"பையில என்ன?"

"எஞ்சின் காசுங்க. ரெண்டு லச்சம். திங்கக்கெழம குடுத்தாத்தான் வேலைய ஆரம்பிப்பாங்க."

"அத எதுக்குங்க இங்க கொண்டாந்தீங்க?"

குரலைத் தாழ்த்தினார். "குதிர ஏத்தற வண்டி ஓட்டறவரு ஒருத்தரு நமக்குப் பழக்கமுங்க. அஞ்சாவது ரேஸ்ல ஏழாம் நம்பருன்னாரு. வண்டில ஏத்தறப்பவே கதவ ஒதச்சுப்போடுச்சாமா."

"கதவ ஒதைக்கறதுக்கும் ஓடறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"தெம்பு இருந்தாத்தானுங்க ஒதைக்கும்."

அந்த லாரி ஓடினால்தான் அவர் வீட்டில் உலை. எனக்குத் தெரியும். "வேண்டாங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டு கை தூரத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். புக்கியின் ஆள் கட்டாதே என்று சத்தம் போட்டால் அந்த வேலை அன்றோடு சரி. தொழில் மரியாதை என்று அன்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

"செரிங்க சகலை, பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். ரிங்குக்குள் செல்போன் கூடாது. கூப்பிடவும் வழியில்லை.

3. இறக்கம்

ஐந்தாவது ரேஸுக்கு ஏழாம் எண்ணின் விலை நூறுக்கு அறுநூறு. கடைசியாக ஓடிய மூன்று தடவையும் பின்னால் வந்த குதிரை அது. முதலாளி யாரோ பெரிய புள்ளியோடு பேசப் போயிருந்தார். சகலை ரிங்குக்குள் வந்தார். பை இப்போது இரண்டு கையிலும் இருந்தது. ஒவ்வொரு போர்டாகப் படித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்தார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பேசிய வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "வேற வண்டி பாருங்க" என்று நடையைக் கட்டுகிற மனிதர் அவர். விலையைக் குறைத்துவிட்டால் போய்விடுவார் என்று நினைத்தேன். யாரையும் கேட்காமல் அறுநூறை நானூறு ஆக்கினேன்.

எதிர் போர்டில் நானூறு விழுந்தது. அதற்குப் பக்கத்தில் முந்நூற்றைம்பது. தகவல் இல்லாமல் எங்கள் முதலாளி விலையை இறக்கமாட்டார் என்று ரிங்கில் பெயர். கூட்டம் திரும்பியது. மறுபடி அறுநூறுக்கு ஏற்றிவிடலாம் என்று கீயில் விரலை வைத்தேன். அதற்குள் எங்கள் ஜன்னலிலேயே பத்துக் கை நீண்டது, எல்லாம் ஏழு, ஏழு என்று. கூட்டத்தில் சகலையைக் காணவில்லை. பிறகு எதிர்ப் பக்கத்து ஜன்னலில் பார்த்தேன். அங்கே முந்நூறு. காசை எல்லாம் எண்ணிக் கொடுத்துவிட்டு, காலிப் பையின் ஜிப்பை மூடினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நன்றி சொல்கிற மாதிரி.

முதலாளி ஓடி வந்தார். "ஏழுல மொதல்ல பெரிய பணம் யாருய்யா கட்டுனது?"

"யாருமில்லீங்க."

"யாருமில்லாம எப்படிய்யா எறங்குச்சு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒருத்தர நிறுத்தறேன்னு ஊரையே இழுத்துட்டு வந்துட்டியே. வெல கொறஞ்சா எந்திரிச்சுப் போறதுக்கு இது என்ன லாரி வாடகையா?"

கடைசி வளைவில் ஏழு கொஞ்சம் முன்னால் வந்தது. எங்கள் முதலாளிக்கு நஷ்டம் வரவேண்டும் என்று இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் சாமி கும்பிட்டேன். ஏழு ஐந்தாவதாக வந்தது. அன்று ரிங்கில் எல்லாப் புக்கிக்கும் நல்ல லாபம்; எங்களுக்கும்தான். அதற்கு அடுத்த ரேஸிலிருந்து முதலாளி என்னை டிக்கெட் அடிக்க வைத்தார். போர்டைத் தொடக்கூடாது என்றார். நானும் அந்த வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை.

4. பட்டறை

திங்கட்கிழமை நாமக்கல் போனேன். பட்டறையில் சகலையின் லாரியை ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள்; அதன் இடத்தில் வேறு வண்டி நின்றது. எஞ்சின் பாகங்கள் தார்ப்பாயில் கிடந்தன. சகலையும் செல்வியும் அங்கேதான் இருந்தார்கள். அந்த லாரி மறுபடி ரோட்டுக்கு வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை சகலை வேறொருவர் வண்டியில் சம்பளத்துக்கு ஓட்டினார்.

நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான் வேற மாதிரி நெனச்சுட்டனுங்க. வாயில வேண்டாம்னு சொன்னீங்க. மொதலாளி பக்கத்துல இருக்கறாரு, அதனால சொல்றீங்கன்னு எடுத்துக்கிட்டேன். அப்பறம் வெலைய எறக்கிக் காட்டுனீங்க. செரி, சகலை நமக்குச் சைகை காட்டறாருன்னு..."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். போர்டு குதிரையைப் பற்றி எதுவும் சொல்லாது. பார்க்கிறவர் மனதில் இருப்பதைத்தான் அவருக்குத் திருப்பிக் காட்டும். ஆசையோடு வந்தவருக்கு விலை ஏறினாலும் சைகை, இறங்கினாலும் சைகை. போர்டை வைத்து ஒருவருக்குப் புத்தி சொல்லப் போகாதீர்கள்.

இதையெல்லாம் அன்று பட்டறையில் ஒரு காகிதத்தில் எண்கள் எழுதிச் செல்விக்கு விளக்கினேன். நூறுக்கு அறுநூறு, நானூறு, எதிர் போர்டு, கூட்டம். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"ஏனுங்க மாமா, நாலு எட்டு நடந்து வந்து அந்தப் பையப் புடுங்கியிருக்கலாமில்ல?"