அப்பா சொன்ன காரம்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு ரூபேந்திரன் ஒரு பதாகை கொண்டுவந்தார். பாசிர் கூடாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மண்டபத்தில், அப்பாவின் படத்துக்கு மேலேயே அதைக் கட்டச் சொன்னார். 'அறிவியல் செம்மல் சபாபதி ஐயா' என்று ஒரு வரி. அதைவிடப் பெரிய எழுத்தில் ரூபேந்திரன் நடத்தும் டியூஷன் நிலையத்தின் பெயர், தொலைபேசி எண். செத்தவரை வைத்து ஆள் சேர்ப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். கயிற்றின் ஒரு முனையை நானே கம்பியில் கட்டினேன். சண்டை போடத் தெம்பில்லை.

வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாது. அப்பா எல்லாரோடும் வினைபுரிந்தவர்.

காஹாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு டிப்ளோமா முடித்து, இங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். அடுக்குமாடிப் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல் வீட்டுப்பாடக் கேள்விகளைப் படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்தபடி குரல் பதிவில் பதில் சொல்வார். தட்டச்சு செய்யமாட்டார். திட்டுவதற்குக் குரல்தான் வசதி.

"யூனிட் எங்கடா? யூனிட் இல்லாத விடைய நாய்கூட மோந்து பார்க்காது."

"உன் மண்டைக்குள்ள இருக்கிறது சேர்மமா, கலவையா? கலவைன்னா சொல்லு, வடிகட்டிப் பார்ப்போம்."

பிள்ளைகள் இதையெல்லாம் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சிரிப்பார்கள். ஆனால் விடையை மட்டும் அவர் சொன்னதே இல்லை. வழியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். ரூபேந்திரனின் நிலையத்தில் நேர்மாறு. அங்கே விடைகளை அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பார்கள். அப்பா அதைக் கிளிக்கூண்டு என்பார்.

நான்காம் மாடி பிரவீனா இரண்டு இடத்திலும் படித்தாள். மருந்தாளர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. மலாய்ப் பள்ளியிலேயே தொடக்கம் முதல் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. படிவம் நான்கின் ஆண்டிறுதித் தேர்வில் வேதியியலில் படுதோல்வி. அமிலத்தில் உப்பைப் போட்டால் அல்கலி கிடைக்கும் என்று தாள் முழுக்க எழுதி வைத்திருந்தாள்.

ரூபேந்திரன் அவள் அம்மா கஸ்தூரியைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார்.

"பாருங்கக்கா, சும்மா கிடைக்கிற பாடம் இப்படித்தான் இருக்கும். கெமிஸ்ட்ரிய விடச் சொல்லுங்க. அடுத்த வருஷம் அக்கவுண்ட்ஸ்ல போட்டுருங்க. பாவம், பிள்ளைக்கு ஏறல."

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் வகுப்பை மாற்றிவிடுவதாகக் கஸ்தூரி அக்கா சொல்லிவிட்டார். மாற்றினால் மருந்தாளர் படிப்பு அத்தோடு சரி.

பிரவீனா தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். அவள் அழவில்லை. கோபத்தில் இருந்தாள்.

"எந்த மடையன் உனக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தான்?" என்றார் அப்பா.

"நீங்கதான், அங்கிள்."

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"அசிட்ல காரம் போடணும்னு சொன்னீங்க."

"ஆமா. காரம்தான் போடணும்."

"அதான் போட்டேன்."

"எங்கம்மா போட்ட? உப்பைல்ல போட்டு வச்சிருக்க!"

"அலமாக்! காரம்னா உப்புதானே அங்கிள்!"

அப்பா கைபேசியைத் தேடி எடுத்தார்.

தமிழில் காரம் என்றால் அல்கலி. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். மலாயில் காரம் என்றால் உப்பு. முதல் எழுத்தின் ஒலியில் சிறிய வேறுபாடு உண்டு. பஸ் இரைச்சலில் அதுவும் கேட்காது. அப்பாவின் பேச்சில் பாதி மலாய் என்பதால் இதையும் அவள் மலாய் என்றே எடுத்துக்கொண்டாள். என்ன கிடைக்கும் என்பதை அப்பா வழக்கம்போல் சொல்லவில்லை. பாடத்தில் இருப்பது அமிலம், அல்கலி, உப்பு; உப்பு உள்ளே போனால், வெளியே வருவது அல்கலியாகத்தான் இருக்கவேண்டும். தர்க்கம் சரி. தொடக்கம் தவறு.

"புத்தகத்துல தலைகீழா இருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுக்கா. திரும்பி வர்ற ரியாக்‌ஷன்னு நினைச்சேன்."

நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொறியாளர். விபத்துகளின் மூலத்தைத் தேடுவது என் வேலை. இவ்வளவு சுத்தமான மூலம் ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை.

அப்பா தன் குரல் பதிவைத் தானே போட்டுக் கேட்டார். மறுபடியும் கேட்டார். தப்பு என்னுடையது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, அம்மா உட்பட. மோட்டார் சைக்கிளில் போய் மோதிக்கொண்டால் அது சாலையின் தப்பு.

அன்று மாலை கஸ்தூரி அக்காவையும் பிரவீனாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, வேலைச் சட்டையோடு டியூஷன் நிலையத்துக்குப் போனார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் சொன்னார்.

"தப்பு இவளோடது இல்ல. என்னோடது." காரம் பற்றி விளக்கினார்.

ரூபேந்திரன் சிரித்தார். "அப்போ ஒத்துக்கிறீங்க சார். நான் அப்பவே சொன்னேன்லா அக்கா."

"ஒத்துக்கிறேன். நான் பஸ்ல உட்கார்ந்து வாயால சொல்றவன். இவ என்ன எழுதுறான்னு பார்த்ததில்ல. நீ வாராவாரம் இவ நோட்டுல சிவப்பு மையால டிக் அடிக்கிறவன். பக்கம் பக்கமா உப்பா இருக்கே, உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நாற்பது பிள்ளைங்க சார். ஒவ்வொண்ணா பார்க்க முடியுமா?"

"நாற்பது கிளின்னு சொல்லு."

கடைசி வரிசையில் ஒருவன் கீச்சென்று கத்தினான். வகுப்பே சிரித்தது. கஸ்தூரி அக்கா சிரிக்கவில்லை.

"அப்போ என் பிள்ளைக்குப் படிப்பு ஏறும்தானே அண்ணே?"

"ஏறும்மா. எனக்குத்தான் சொல்லத் தெரியல."

திங்கட்கிழமை கஸ்தூரி அக்கா வேலைக்குப் போனார். பள்ளிக்குப் போகவில்லை.

அதன் பிறகு அப்பா அந்தச் சொல்லையே விட்டுவிட்டார். பதிவுகளில் அல்கலி. வீட்டில் குழம்புக்கு உறைப்பு. "காரம் போதுமா?" என்று அம்மா வாய் தவறிக் கேட்டால், "எந்தக் காரம்?" என்று முறைப்பார். பிரவீனா அதைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் போலவே முறைத்துக் காட்டுவாள்.

மறு ஆண்டு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வில் அவளுக்கு வேதியியலில் ஏ கிடைத்தது. "ஏ பிளஸ் இல்லையா?" என்றார் அப்பா. சில வாரங்களில், வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே அவருக்கு நெஞ்சு வலித்தது. பஸ்ஸை நேராக மருத்துவமனைக்குத் திருப்பினார்கள். நேரம் போதவில்லை.

மண்டபத்தில் ரூபேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசினார். பிரவீனா தன் நிலையத்தின் பெருமையாம். ஐயாவும் அவரும் தோளோடு தோள் நின்று அவளை உருவாக்கினார்களாம். அவள் குழம்பு வாளியோடு ஓரமாக நின்று முழுவதையும் கேட்டாள்.

பேசி முடித்த களைப்பில் அவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். பிரவீனா பரிமாறிக்கொண்டு வந்தாள்.

"சப்புன்னு இருக்கு. கொஞ்சம் காரம் இருந்தா வைம்மா."

"எந்தக் காரம், சார்?"

"என்னம்மா கேள்வி இது? காரம்னா காரம்தான்."

அவள் உப்புக் கிண்ணத்தை எடுத்து அவருடைய இலையில் இரண்டு கரண்டி வைத்துவிட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

ரூபேந்திரன் உப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவின் படத்தருகே உட்கார்ந்திருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

நான் எழுந்து போய்ப் பதாகையின் கயிற்றை அவிழ்த்தேன்.