பச்சை சார் வெட்டின கேள்வி

டிரைவருங்களா, டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க, இது சத்தியமா நடந்த கதை. ஒரு சொல்லுகூட நான் சேர்க்கல. சரி சரி, அப்படிப் பாக்காதீங்க, கொஞ்சம் சேர்த்திருக்கேன். என் ஜீப்பு காத்துல பறக்கும், எங்க சாரோட கேள்விப் பட்டியலை நீட்டினா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். அழற இடத்துல மட்டும் கை வைக்கல.

பின்சீட்டுல உக்காருவாரே, பச்சை சார், அவர் கதைதான். சர்க்கார் கட்டின சின்ன ஆஸ்பத்திரிங்க ஒழுங்கா நடக்குதான்னு போய்ப் பாத்து, கேள்வி கேள்வியா போன்ல குறிக்கிற உத்தியோகம். நடக்குதுன்னா ஆபீஸ் டிவியில இருக்கிற மேப்புல அந்தப் புள்ளி பச்சையாகும், இல்லைன்னா சிவப்பு. "உங்க விரல் பட்டா என் மொட்டைத் தலையிலகூட புல்லு முளைக்கும் சார்"னு சொல்லுவேன். அவர் சிரிக்கிற சிரிப்புல ஜீப்பே குலுங்கும்.

ஒருநாள் பெரிய அதிகாரி, கேள்வி ஜாஸ்தியா இருக்கு, பாதியாக் குறைங்கன்னுட்டார். சார் ஜீப்புல உக்காந்தே வெட்டினார். 'கதவு திறந்திருக்கா'ன்னு ஒண்ணு, 'நர்ஸ் உள்ள இருக்காங்களா'ன்னு ஒண்ணு. "கதவு திறந்திருந்தா ஆள் இல்லாமலா போயிடும்"னு முணுமுணுத்துக்கிட்டே ரெண்டாவதை எடுத்துட்டார்.

அவருக்கு ஒரே அக்கா, பக்கத்து டவுன்ல. நிறைமாசம். மாமா வேலைக்குப் போன நேரமாப் பாத்து வலி எடுத்துருச்சு. போன் பண்ணுச்சு.

"தம்பி, இங்க தெருக்கோடி ஆஸ்பத்திரிக்குப் போகவா, பெரிய ஆஸ்பத்திரிக்கே வண்டி பிடிக்கவா?"

சார் மேப்பைப் பாத்தார். "தெருக்கோடிக்கே போக்கா, பச்சையா இருக்கு."

கதவு திறந்துதான் இருந்துச்சு. வாட்ச்மேன் திறந்து வச்சுட்டு பெஞ்சுல தூங்கிக்கிட்டு இருந்தான். நர்ஸ் மாத்தலாகிப் போய் மாசக்கணக்காச்சு. அங்கேருந்து வண்டி பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள பிள்ளை போயிருச்சு.

நாங்க போனப்ப அக்கா செவுத்தைப் பாத்துப் படுத்திருந்துச்சு. "பச்சைன்னு சொன்னியேடா"ன்னுச்சு. அவ்வளவுதான். அன்னையிலேருந்து தம்பிகிட்ட பேச்சு இல்ல.

நர்ஸ் கேள்வியைத் திரும்பப் போடுங்கன்னு சார் பெரிய அதிகாரிங்ககிட்ட கெஞ்சினார். "போட்டா பாதி மேப்பு சிவந்துரும், பொறுய்யா"ன்னாங்க. இன்னும் பொறுத்துக்கிட்டு இருக்கார். போற இடத்துல எல்லாம் உள்ள நுழைஞ்சு நர்ஸைத் தேடுறார். கடைசியில 'இதர குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல எழுதுறார். அதை ஆபீஸ்ல ஒரு ஆளும் படிக்கிறதில்ல. நானும் மொட்டைத் தலையைக் காட்டிக் காட்டிப் பாக்குறேன், ஜீப்பு குலுங்க மாட்டேங்குது.

சொல்லி முடிக்கல, தண்ணி லாரிக்காரன் ஆரம்பிச்சான். "யாரும் படிக்காத இடத்துல எழுதிட்டா செஞ்ச பாவம் போயிருமா?"

"வெட்டச் சொன்ன பெரியவனை விட்டுட்டியே"ன்னான் ஆம்புலன்ஸ்காரன்.

"வெட்டின கை யாருது? உன் அக்காவா இருந்தா இப்படிப் பேசுவியா?"ன்னான் லாரிக்காரன்.

"என் அக்காவை எதுக்குடா இழுக்குற?"

டீ கிளாஸ் கவுந்துச்சு. சட்டையைப் பிடிச்சாச்சு.

"டேய், எதிர்ல ஆபீஸ் படி இறங்கி சார் வர்றார்டா, மெதுவா"ன்னேன்.

யார் காதுல விழுந்துச்சு?